எந்தப் பிரிவு, மேடம்?

மேடத்தின் கைகளைப் பின்னால் கட்டிய பிறகுதான் வகுப்பு முழுசாகத் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தது.

சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. எதிரே இருந்த சார்ஜென்ட்டுகள் எல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பாதிப் பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். நாளைக் காலை வண்டியேறிச் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகப் போகிறவர்களுக்கு, இன்று மத்தியானம் சட்டம் சொல்ல வந்திருந்தாள் அவள்.

சர்வதேச மனிதாபிமானச் சட்டம், மூத்த சட்ட ஆலோசகர் என்று கழுத்து அட்டையில் நீளமாகப் போட்டிருந்தது. அதை வாசித்து முடிக்கப் பொறுமையில்லாமல் அவர்கள் 'பிரிவு மேடம்' என்று சுருக்கிவிட்டார்கள்.

காரணமில்லாமல் இல்லை. பிடிபட்டவன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் சொன்னால் போதும், மேற்கொண்டு வற்புறுத்தக் கூடாது என்று ஆரம்பித்தாள். முன்வரிசை மீசைக்காரர் எப்படியாவது மடக்கிவிடும் ஆசையில், "எந்தப் பிரிவு, மேடம்?" என்றார். போர்க்கைதிகள் ஒப்பந்தத்தில் பதினேழு என்றாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றிக்கொள்ளக் கூடாது. பதினெட்டு. செல்போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. பதின்மூன்று. அதற்குப் பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. அவள் தும்மியதற்குக்கூடப் பின்வரிசையிலிருந்து யாரோ பிரிவு கேட்டார்கள்.

அவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. வீட்டிலும் இதே கேலிதான். சீக்கிரம் தூங்கு என்றால் மகள் போர்வைக்குள்ளிருந்து பிரிவு கேட்பாள். வீட்டுக்காரர் சமையலறை வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமி, "அதிகாரி அம்மா, உள்ளே வரலாமா?" என்பார். சொந்தப் பெண்டாட்டி பக்கத்தில் போகவும் அனுமதி கேட்கும் ஒரே ஆண்பிள்ளை என் தம்பிதான் என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரித்துப் புரையேறுவாள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இன்றைக்குக் கைதியாக நடிக்க வேண்டியவர் உண்மையில் அலுவலக டிரைவர். முகாம் முகாமாகப் போய்ப் பிடிபட்டுப் பிடிபட்டு அதில் கைதேர்ந்தவர். பாவம், காலையிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை. இது ஒரு பெரிய விஷயமா, நானே உட்கார்ந்துவிடுகிறேன் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கட்டும் வேலை மீசைக்காரர் தலையில் விழுந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ரிப்பன் கட்டுவதுபோல் கட்டினார். இப்படிக் கட்டினால் கைதி உங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான் என்று அவளே இறுக்கச் சொன்னாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கண்ணுக்கும் ஒரு கறுப்புத் துணி.

கட்டுண்டபடியே பாடத்தைத் தொடர்ந்தாள். பிடித்த இடத்திலிருந்து கொண்டுபோகும்போது கைதிக்குக் குடிக்கத் தண்ணீர் தர வேண்டும். பிரிவு இருபது, நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

மீசைக்காரர் சொன்ன சொல் தட்டாதவர். உடனே ஒரு குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வந்து, குடிங்க என்பதுபோல் அவள் தோளில் கையை வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்.

நாற்காலி சாய்ந்தது. குவளை உருண்டு ஓடியது. அவள் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் ஒடுங்கியிருந்தாள்.

வகுப்பு கைதட்டியது. ஒருவர் விசில்கூட அடித்தார். டிரைவர் மட்டும் இதைப் பார்த்திருந்தால் தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று கவலைப்பட்டிருப்பார்.

மூச்சு சீராக அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளைக்கு இவர்கள் போய்விடுவார்கள். கண் கட்டப்பட்ட யாரோ ஒரு ஆள் இவர்கள் கையில் இருப்பான். அவனுக்காகப் பேச இன்று மத்தியானத்தை விட்டால் வேறு பொழுது கிடையாது.

"இன்னும் ஒண்ணு. கண்ணைக் கட்டியிருக்கிற ஆளைத் தொடுறதுக்கு முன்னாடி, தொடப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடுங்க."

"எந்தப் பிரிவு, மேடம்?" பின்வரிசை சும்மா விடுமா?

பதில் வரவில்லை.

மாட்டிக்கிட்டாங்கப்பா என்று ஒரு குரல் குஷியாகக் கிளம்பியது. மத்தியானம் முழுக்க முயன்று கிடைத்த வெற்றியல்லவா. இரண்டு பேர் மேசையைத் தட்டினார்கள். கறுப்புத் துணிக்குப் பின்னால் அவள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அதுக்குப் பிரிவு கிடையாது," என்றாள். வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர யாரிடமும் சொல்லாததை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தாள். "முதல் வேலையில மருந்து வண்டியோட போனப்ப என்னைப் பிடிச்சு வெச்சிருந்தாங்க. அங்க ஒருத்தர்கூடச் சொல்லிட்டுத் தொடலை."

மேசை தட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். மீசைக்காரர் அவளைத் தூக்கிவிட அவசரமாக நீட்டியிருந்த கையைப் பட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். நாலு எட்டு சுற்றி நடந்து, அவளுக்கு எதிரே வந்து, தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"மேடம், நான்தான். கட்டை அவுக்கப்போறேன்."

அவள் தலையை அசைக்கும்வரை அவர் கையை நீட்டவே இல்லை.