பின்னிருக்கை

பெற்றோரின் கல்யாண நாளுக்கென்று மகன் ஏற்பாடு செய்த பனியாற்றுச் சவாரி அது. பாதி வழியில் வழிகாட்டி மோட்டார் பனிவண்டிகளை நிறுத்தி, இனிப் பின்னால் இருப்பவர்கள் ஓட்டலாம் என்றான். அதுவரை, அவன் சொன்னபடி, சுலோசனா கணவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது பின்னால் ஏறிய ராமபத்திரன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பிடிச்சுக்கோங்க."

"கம்பி இருக்குல்ல? நீ ரோட்டைப் பாரு."

ரோடு எங்கே இருந்தது? முன்வண்டியின் தடம் மட்டும்தான். தனிக்கட்டில் போட்ட நாளிலிருந்து அவர் கை அவள்மேல் பட்டதில்லை. மாத்திரையைக்கூட மேஜைமேல் வைக்கச் சொல்வார்.

பனி பிளந்து நீலமாய்க் கிடந்த பள்ளத்தை ஒட்டி வண்டி வளைந்து சாய்ந்தது. சட்டென்று இரண்டு கைகளும் அவள் வயிற்றைச் சுற்றி இறுக்கின.

"சுலோ!" என்று கத்தினார். அப்படி ஒரு பெயர் தனக்கு இருந்ததையே அவள் மறந்திருந்தாள்.

தடம் நேரானதும் கைகள் கம்பிக்குத் திரும்பிவிட்டன.

வலப்பக்கம் தூரத்தில் இன்னொரு நீலக்கோடு தெரிந்தது. சுலோசனா தடத்தை விட்டு வண்டியை அங்கே திருப்பினாள். வழிகாட்டி எழுந்து நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கைகளை வீசினான். இந்த முறை அவள் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை.