தமிழ் வாழ்க என்னும் கடவுச்சொல்

"வளர்பிறை அடுக்கக உரிமையாளர் சங்க வரலாற்றில் முதன்முறையாக, பாதுகாப்பானதும் யாவரும் எளிதில் நுழையத்தக்கதுமான இணையவழிப் பொதுக்குழு, இதோ, தொடங்குகிறது."

சொல்லிவிட்டுத் தலைவர் திரையைப் பார்த்தார்.

இரண்டு கட்டங்கள். ஒன்றில் அவர். இன்னொன்றில் பி பிளாக் எஸ்தர்.

எஸ்தருக்குக் காது கேட்காது.

மற்றவர்கள் எங்கே?

மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். கரண்ட் போயிருக்குமோ? எஸ்தர் தலைக்கு மேல் விளக்கு பிரகாசமாக எரிந்தது. கிரிக்கெட்டா? இன்றைக்கு இல்லை. புறக்கணிப்பா? அதற்கெல்லாம் இவர்களுக்கு ஒற்றுமை போதாது.

பாதுகாப்பு அவருடைய சொந்த ஏற்பாடு. பக்கத்து அடுக்ககத்தின் கூட்டத்தில் எவனோ புகுந்து குத்துப்பாட்டுப் போட்டுவிட்டான். இங்கே அது நடக்கலாமா? கடவுச்சொல் வைத்தார். தமிழ் வாழ்க. சேர்த்து எழுத வேண்டும், ஆங்கில எழுத்தில். தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் பதிவாகக் குழுவில் போட்டார்.

எஸ்தர் மட்டும் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டார். ஒருத்தருக்காக இவ்வளவு வேலையா என்று முனகிக்கொண்டேதான் தலைவர் அவருக்கு மட்டும் தட்டி அனுப்பினார்.

பிறகு, கூட்ட நேரத்தில் தலைவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று கைபேசியை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பேசவேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று.

தீபாவளியன்று மீட்டர் அறையில் தீப்பிடித்தது. அபாய மணி அடித்தது. அத்தனை பேரும் கீழே ஓடினார்கள்.

எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடிந்து, கரிந்த சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மணி அடிக்கும்போது தன் படுக்கையறையில் மின்னுகிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறார். ஒருத்தருக்காகவா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். கைகள் மடியிலேயே இருந்துவிடும்.

"தலைவர் என்ற முறையில், கூட்டத்தை ஒத்திவைக்க…" என்று ஆரம்பித்தார்.

அவர் பேசுவதை இயந்திரம் கேட்டுத் திரையின் அடியில் எழுத்தாக்கியது.

தலைவலி என்ற முறையில், கூட்டத்தை ஒத்திவைக்க.

எஸ்தர் வாசித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். தட்டினார்.

"வந்தவரை வைத்து நடத்தலாம்னு நீங்கதானே சார் விதியைத் திருத்தினீங்க? தலைவருக்கு ஓட்டு கிடையாதுன்னும் அதுலயே இருக்கு."

இருந்தது. யாருமே கூட்டத்துக்கு வராத ஒரு மே மாதத்தில், அவரே முன்மொழிந்து, அவரே கைதட்டிய திருத்தம்.

திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ஆதரிப்போர்?"

எஸ்தர் கையை உயர்த்தினார்.

"எதிர்ப்போர்?"

காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். எழுத்து ஓடும் இடம் காலியாகவே இருந்தது.

எஸ்தர் கையை இன்னும் இறக்கவில்லை.

கூட்டத்தை முடித்துவிட்டு அவர் பீரோவைத் திறந்தார். உயிர் வந்ததும் கைபேசி உள்ளங்கையில் துடியாய்த் துடித்தது.

தலைவரே, தமிழுக்கு டி போதுமா, எச் உண்டா?

ழ-வுக்கு எல்-ஆ, இசட் எச்-ஆ?

வாழ்கவுக்கு எத்தனை ஏ சார்?

கடைசியாக, ஏ பிளாக்கிலிருந்து ஒருவர்: எப்படிப் போட்டாலும் தமிழ் வாழமாட்டேங்குது தலைவரே.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.