நரிக்கு ஓர் அழைப்பு

புல்வெளியில் இருந்த ஒரே நரி ஆற்றுக்கு அக்கரையில் குடிபோய்விட்டது. முயல்களுக்கு ஒரே கொண்டாட்டம். வளைக்கு வளை பிரசவம் நடந்தது. கால் வைக்க இடமில்லாமல் குட்டிகள் துள்ளித் திரிந்தன. கோடை வருவதற்குள் புல்லெல்லாம் வேரோடு தீர்ந்து வெறும் மண் பல்லிளித்தது.

முயல்கள் கூட்டம் போட்டன. “நாம் ரொம்பப் பெருகிவிட்டோம், கொஞ்சம் குறையத்தான் வேண்டும்” என்பதை எல்லாம் ஒருமனதாக ஒப்புக்கொண்டன. யார் குறைவது என்று கேட்டதும் ஒவ்வொன்றும் பக்கத்து வளையைப் பார்த்தது.

பட்டுக்காதி என்ற தாய் முயலுக்குப் பசி பொறுக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் வற்றிய ஆற்றைக் கடந்து நரியிடம் போய் நின்றது.

“அண்ணே, நீங்க இல்லாம ஊரே கெட்டுப்போச்சு. திரும்பி வந்துடுங்க. எங்க பக்கத்து வளைக்காரிக்கு என்னைவிடக் குட்டிங்க அதிகம். வாசல்ல ஆவாரஞ்செடி நிக்கும். முதல்ல அங்கே வாங்க.”

நரி சாவகாசமாகக் கொட்டாவி விட்டது.

“அந்த அம்மா காலையிலேயே வந்துட்டுப் போயிடுச்சு, தாயி. உன் வளைக்குக் கள்ளிப் புதர் பக்கமா ஒரு பின்வாசல் இருக்காமே?”