பால் இறங்கும் சத்தம்

வீல் என்ற அலறல் பேச்சுப் பயிற்சி அறையை அதிரவைக்கிறது. ஒரு மாதக் குழந்தை அம்மாவின் மார்பைக் கவ்வுகிறான். ‘டக், டக்’ என்று நாக்கு நழுவுகிறது. உதறிவிட்டு மறுபடியும் அழுகிறான். பிறந்ததிலிருந்து எடை ஏறவே இல்லை. அழுதழுது அம்மாவின் கண்களும் சிவந்திருக்கின்றன. துணைக்கு வந்த நாத்தனாருக்கோ வாய் ஓயவில்லை. “இவளுக்குப் பால் பத்தலை. அதுக்குப் போய்ப் பேச்சு டாக்டரா? இவன் என்ன மேடையிலயா பேசப் போறான்?” பயிற்சியாளர் சிரிக்கிறார். “பேசுற நாக்குதானேம்மா பாலையும் உறிஞ்சணும்? பால் நிறையவே இருக்கு. இவனுக்குப் பிடிக்கத் தெரியலை, அவ்வளவுதான்.”

ஜன்னல் வெயில் தரையிலிருக்கும் மரப் பொம்மைகளின் மேல் விழுகிறது. பயிற்சியாளர் அம்மாவைப் பின்னால் சாயவைத்து, குழந்தையை வயிற்றோடு வயிறாகப் படுக்கவைக்கிறார்; சுண்டுவிரலால் அவன் மோவாயை மெல்லத் தொடுகிறார். வாய் அகலத் திறக்கிறது. கவ்வுகிறான். இந்தத் தடவை நாக்கு நழுவவில்லை. இறுக மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. குட்டித் தொண்டையிலிருந்து மெதுவாக ஓர் ஓசை எழுகிறது: மடக், மடக்.

“எங்க வீட்டுல எல்லாப் புள்ளைங்களும்...” என்று நாத்தனார் மறுபடி ஆரம்பிக்கிறாள். இதுவரை அவளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிராத அம்மா, தலையை நிமிர்த்தாமலே சொல்கிறாள்:

“கொஞ்சம் பேசாம இருங்க அண்ணி. இவன் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கணும்.”