ஆறு மணி ஓட்டம்

அவள் ஓடினாள்.

ஆறு மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு கையில் புத்தகப் பை. மறு கையில் வார் அறுந்த செருப்பு. வேதியியல் துறையிலிருந்து பெண்கள் விடுதி வரைக்கும், விழுந்தடித்துக்கொண்டு ஓட்டம்.

முன்னால் ஒரு கூட்டம் ஓடியது. பின்னால் இன்னொரு கூட்டம்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் மணி அடித்தால் பெண்கள் ஓடுவார்கள். ஓடாதவள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். மறுநாள் அவளுடைய அப்பா ஊரிலிருந்து வந்து நிற்பார்.

கடைசி மணிக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். மூச்சு வாங்கியது. முகத்தில் என்னவோ கோப்பையை ஜெயித்துவிட்ட களை.

வார்டன் டெய்சி மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏளா, எதுக்கு இப்படி ஓடியாறிய? இன்னைலேருந்து ஒம்பது மணின்னு சொல்லியாச்சுல்லா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் நடுங்கியிருக்கும்.

எல்லோரும் சிரித்தது அவளைப் பார்த்துத்தான். ஒன்பது மணியை வாங்கிக் கொடுத்தவளே அவள்தானே. மாணவர் பேரவைத் தலைவி. ஒரு வருடமாக நிர்வாகக் கட்டிடத்தின் படியேறி இறங்கியவள். சாமியும் வரம் கொடுத்து, பூசாரியும் வரம் கொடுத்த பிறகு, பாழாய்ப்போன கால் கொடுக்கமாட்டேன் என்கிறதே!

அவளும் சிரித்தாள்.

பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

பதிவாளர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் படிக்கவா போகிறார்கள், உங்கள் பேரவைக்குத்தான் ஆசை. முதல் நாள் ஏழு மணிக்கு நானே நூலகத்துக்கு வந்து பார்க்கிறேன். ஆள் இல்லையென்றால் மறுநாளிலிருந்து பழையபடி ஆறு.

ஆள் பூராவும் இங்கே நிற்கிறது.

"ஏட்டி, வாங்கட்டி! லைப்ரரிக்குப் போவோம்!"

யார் காதில் விழுந்தது? குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வாளிகள் ஓடின. டீ வரிசை சுவரைத் தாண்டி வளைந்தது. ஒருத்தி வீட்டுக்குப் போன் போட்டு, "உள்ள வந்துட்டேம்மா" என்றாள். மூன்று வருடமாக ஆறு மணி என்றால் இதுதான்.

அவள் அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினாள். தலை குளிக்கணும்க்கா. நாளைக்குப் போவோம்க்கா.

நாளைக்கு ஏது?

தனியாகக் கேட்டுக்கு வந்தாள். விரியத் திறந்து கிடந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குக் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. வாசலைத் தாண்டக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. அதற்கும் மணி தெரியும்.

"நில்லுட்டி."

அறைத்தோழி ஜெபமலர். பாதித் தலையில் எண்ணெய், கையில் சீப்பு.

"ஒத்தையில போயி எங்க மானத்த வாங்காத."

அவள் பின்னால் இன்னும் நாலு பேர். அவர்களுக்குப் பின்னால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தவர்கள். டீ டம்ளரோடு வந்தவர்கள். நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஒரு படையே வந்தது.

கையைக் கோத்துக்கொண்டுதான் தாண்டினார்கள்.

பத்தடி போயிருக்கமாட்டார்கள்.

சாலையோரத்து விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

அந்தக் கம்பங்களை அவர்களுக்குத் தெரியும். விழா என்றால் தோரணம் கட்டுவார்கள். தேர்தல் என்றால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். விளக்கு போடுகிற நேரத்தில் இவர்கள் சுவருக்குள்ளே இருப்பார்கள்; அவை எரியும் என்று யாருக்கும் தெரியாது. மஞ்சள் வெளிச்சம் மகிழமரத்து இலையில் இறங்கி, தார்ச்சாலை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிடந்தது.

"எம்மா!" என்றாள் ஜெபமலர்.

பிறகு யார் நடந்தார்கள்? ஒருத்தி சாலை நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் கையைப் பிடித்துத் தட்டாமாலை சுற்றினார்கள். ஒருத்தி தன் நிழலைத் தானே துரத்தினாள். தலைவியும் துரத்தினாள். இந்த ஊருக்குப் படிக்க வந்த நாளிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

நூலகத்துப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாயிற்று. அதுவும் தன் கையாலேயே.

கார் போக வழியில்லை. முகப்பு விளக்கு அவள் கண்ணில் அடித்தது. பதிவாளர் இறங்கினார்.

"என்னம்மா, லைப்ரரில ஒரு ஈ காக்கா இல்லையே?"

"வந்துக்கிட்டுத்தான் சார் இருக்கோம்."

"எங்க? லைப்ரரி கூப்பிடு தூரம்தான். ஏழு மணி தாண்டிருச்சு."

என்னென்னவோ சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"லைட்டு எரியுது சார். நாங்க பார்த்ததே இல்ல."

அவர் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். தட்டாமாலைக்காரிகள் இன்னும் நிற்கவில்லை. காருக்கு விலகவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அவர் பிடரியைச் சொறிந்தார். ரொம்ப நேரம் சொறிந்தார்.

"அப்ப நான் வீட்டுக்குப் போகணும்னா ஒம்பது மணி வரைக்கும் இங்கயே நிக்கணுமா?"

அவள் ஜெபமலரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் காருக்குள் எட்டி, முகப்பு விளக்கை அணைத்தார்.