அண்ணியின் தட்டு

அம்மாவின் கை நீண்டு வந்து அண்ணியின் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்துக்கொண்டது.

பரிமாறியது சின்னவள்தான். முதல் துண்டுக்கு அவள் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டாவதும் போனபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அவளுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று சொல்லிக்கொண்டே அம்மா சோற்றிலும் பாதியை அள்ளித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அண்ணி தண்ணீர் டம்ளரைத் தொட்டதும், "சாப்பிடறப்போ என்ன தண்ணி? அப்புறம் குடிக்கலாம்" என்று அதையும் நகர்த்தி வைத்தாள்.

அண்ணி மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அண்ணன் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

சின்னவள் குடும்ப நீதிமன்ற வக்கீல். இந்த மாதிரி மாமியார்களைப் பற்றி வாரத்துக்கு நாலு மனு எழுதுகிறவள். தன்னைப் பெற்றவளே அப்படி ஒருத்தியாக இருப்பாள் என்று கனவிலும் நினைத்ததில்லை.

எட்டு மாதம் கழித்து அன்றுதான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். கதவைத் திறந்த அண்ணியை ஒரு நிமிஷம் அடையாளமே தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். கன்னம் ஒட்டி, முடி கொட்டி, உடம்பில் மாட்டிய சட்டை யாருடையதோ போலத் தொங்கியது. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன், அப்புறம் டயட் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தான்.

இதுவா டயட்?

சாப்பிட்டு முடித்ததும் சமையலறைக்குள் போனாள்.

"அம்மா, அண்ணிக்கு ஒழுங்கா சோறு போடறியா இல்லையா?"

"ஏன், போடாம என்ன?"

"நான் போட்டதையும் பிடுங்கற. கண்ணால பார்த்தேன்."

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உனக்குத் தெரியாது. விடு."

"கோர்ட்டுல எல்லா மாமியாரும் இதையேதான் சொல்றாங்க. அண்ணி வீட்டுல கேட்க ஆள் இல்லைன்னு நினைச்சியா? நான் கேட்பேன்."

அம்மா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

சின்னவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தான் வாங்கி வந்த சாக்லேட் கேக்கில் பெரிய துண்டாக இரண்டு வெட்டினாள். ஒரு டம்ளர் ஜூஸும் ஊற்றிக்கொண்டு நேராக அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வர்றதுக்குள்ள சாப்பிடுங்க அண்ணி."

"ஐயோ, வேண்டாம். வயிறு நிறைஞ்சிருக்கு."

"நாலு வாய்ல எப்படி நிறையும்? யாருக்கும் பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

அண்ணி வாசல் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் சின்னவள் கேக்கைப் பிட்டுத் தானே ஊட்டினாள். அண்ணி மறுக்க முடியாமல் விழுங்கினாள். பாதித் துண்டுக்கு மேல் இறங்கவில்லை. ஜூஸையும் வற்புறுத்திக் குடிக்க வைத்தாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. அண்ணியின் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது. கை நடுங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுவரைத் தடவியபடியே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஈரக் கையோடு ஓடி வந்த அம்மா முதல் வேலையாக ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டினாள். உள்ளே கேட்கும் சத்தம் வெளியே யார் காதிலும் விழக்கூடாது. அப்புறம் பாத்ரூம் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, கொஞ்ச நேரத்துல அடங்கிடும். நான் இங்கேயேதான் நிக்கறேன்" என்றாள்.

திரும்பிச் சின்னவளைப் பார்த்தாள்.

"என்னடி குடுத்த?"

"கேக்கும் ஜூஸும்தான்..."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவளைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"அவ வயித்தை வெட்டிச் சின்னதாக்கியிருக்குடி. உடம்பு இளைக்கறதுக்குப் பண்ற ஆபரேஷன். ஒரு காபி கப் அளவுதான் இடம். நாலு வாய்க்கு மேல போனா வாந்தி. சாப்பாட்டோட தண்ணி குடிக்கக் கூடாது. இனிப்பு போச்சுன்னா இப்படித்தான், படபடன்னு வந்து, வயித்தைப் பிடுங்கி, எல்லாம் தண்ணியாப் போகும்."

"பித்தப்பைக் கல்லுன்னு சொன்னீங்களே?"

"அப்படிச் சொல்லச் சொன்னா. நீ பாட்டுக்கு மலை மாதிரி பரிமாறிட்டு எதிர்ல உட்கார்ந்துட்ட. மீந்தா ஏன்னு குடைவ. அதான் அள்ளி அள்ளி நான் தின்னேன். எனக்கு இன்னும் மூச்சு முட்டுது."

சின்னவள் வக்கீல் ஆயிற்றே, விடவில்லை.

"இதுல மறைக்க என்னம்மா இருக்கு? எத்தனையோ பேர் பண்ணிக்கறாங்க. ஊர் என்ன சொல்லும்னு பயந்தா முடியுமா?"

"ஊருக்கென்ன, பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அவ ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அவளே சொல்லுவா."

"அப்புறம் என்ன?"

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் உன் வீட்டுல எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தோமே. 'அண்ணி, நீங்க நடுவுல நின்னா நாங்க நாலு பேர் காணாமப் போயிடுவோம், ஓரமாப் போங்க'ன்னு சொன்ன."

"ஐயோ, அது சும்மா விளையாட்டுக்கு! அண்ணியும்தானே சிரிச்சாங்க?"

"சிரிச்சா. வீட்டுக்கு வந்து மூணு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படலை. நாலாம் நாள் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு கிளம்பினா."

பாத்ரூமுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அம்மா துண்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் தெரியலாமாம். உனக்கு மட்டும் தெரியக் கூடாதாம்."