பதினாலுக்குப் பூச்சியம்

குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் பின்னேரப் படகில் சுலோஜனா அக்கா என் பக்கத்தில் இருக்கிறார். அவர் மார்பிலிருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்து மூன்று கிழமையாகிறது. இன்று கிடைத்த ஆங்கிலப் பரிசோதனை அறிக்கை அவர் மடியில் இருக்கிறது. வைத்தியரைப் பார்ப்பது திங்கட்கிழமைதான். கடல் வெயிலில் மினுங்குகிறது. இயந்திரச் சத்தத்தில் நாங்கள் இருக்கும் மரவாங்கு அதிர்கிறது. "நீர் உயிரியல் வகுப்புக்குப் போறனீர்தானே. பதினாலுக்குப் பூச்சியம் எண்டு கிடக்கு. நான் பெயிலோ?" என்று கடதாசியை நீட்டுகிறார். அவருடைய விரல் 0/14 என்ற இடத்தை விட்டு விலகவில்லை. வகுப்பில் நான் வாங்கப் பயப்படும் புள்ளியும் பூச்சியம்தான். மூன்று தடவை வாசித்து, கொப்பியைத் திறந்து என் குறிப்போடு ஒப்பிடுகிறேன். "அக்கா, கட்டி பக்கத்துச் சதையைத் துளைச்சுப் போய், நிணநீரில ஏறி, வேற இடத்தில இறங்கிக் குடியிருக்கப் பாக்கும். கமக்கட்டில, கைக்குக் கீழ, இருக்கிற நிணநீர்க் கணுக்கள்தான் அதுக்கு முதல் இறங்குதுறை. உங்களிட்ட எடுத்த பதினாலு கணுவையும் சோதிச்சுப் பாத்திருக்கினம், ஒண்டிலயும் அது இல்லை. எண்டாலும் வைத்தியரிட்டையும் கேளுங்கோ, நான் பிழையாச் சொல்லலாம்." அக்கா கடலைப் பார்க்கிறார். "அப்ப அது படகைத் தவறவிட்டிட்டுது," என்கிறார் மெதுவாக. எங்களுக்கு முன்னால் சுக்கான் பிடித்திருக்கும் ரஜீபன் அண்ணை திரும்பாமலே சொல்கிறார்: "அப்பிடி ஒருத்தரையும் நான் ஏத்தேல்லை." எங்கள் வாங்கு முழுவதும் சிரிக்கிறது. ஓர் அலை தெறித்து அறிக்கையை நனைக்கிறது. அக்கா சிரித்து முடித்த பிறகுதான் அதைத் துடைக்கிறார்.